மேசை நடுவில் தணல்: கொரியச் சுட்டகறி பற்றிச் சில குறிப்புகள்

போன மாதம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரிய உணவகத்தில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கூட்டிப்போனது என் பள்ளி நண்பன். ஆலங்குடி பக்கம் ஒரே ஊர், பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்ச். இப்போது அங்கே கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறான். கொரிய மேலாளர்களோடு பல வருஷப் பழக்கம், அதனால் அவர்கள் சாப்பாடும் அத்துப்படி.

மேசை நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை. அதற்குள் இரும்புச் சட்டி. கடைப்பையன் கனகனவென்று இருந்த கரியைக் கொண்டுவந்து அதில் இறக்கிவிட்டு, மேலே கம்பிவலையை வைத்துவிட்டுப் போய்விட்டான். பிறகு பச்சைக் கறி வந்தது. ஒரு இடுக்கி, ஒரு கத்திரிக்கோல். அவ்வளவுதான். சமைப்பது நம் வேலை.

"காசும் குடுத்து நாமளே சமைக்கணுமாடா?" என்றேன். "அதுதான் மேட்டரே" என்றான்.

அது என்ன மேட்டர் என்று வந்தபிறகு தேட ஆரம்பித்தேன். சமையலில் தொடங்கிய தேடல் வேறெங்கோ கொண்டுபோய் விட்டது. அந்தக் குறிப்புகள்தான் இவை.

இந்தக் கடைகள் இங்கே எப்படி?

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், கார். ஹூண்டாய் நிறுவனத்தின் இந்தியக் கம்பெனி 1996இல் தொடங்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை. 1998இல் முதல் கார் சான்ட்ரோ வெளிவந்தது. ஒரு கார் கம்பெனி தனியாக வருவதில்லை. சீட், லைட், கதவு, வயரிங் என்று அதற்குப் பொருள் கொடுக்கும் கம்பெனிகளும் கொரியாவிலிருந்தே கூட வந்தன. பிறகு சாம்சங்கும் வந்தது. கூடவே பொறியாளர்கள், அவர்கள் குடும்பங்கள். சாப்பாடு வேண்டாமா? அப்படி வந்தவைதான் சென்னையிலும் ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலை ஓரத்திலும் இருக்கும் கொரியக் கடைகள். பல கடைகளில் பலகையில் கொரிய எழுத்துதான் பெரிதாக இருக்கும். இப்போது நாடகம், பாட்டு பார்த்துவிட்டு வரும் நம் பிள்ளைகள் கூட்டமும் சேர்ந்துகொண்டது.

எப்படிச் சாப்பிடுவது?

முதலில் பெயர்கள். கொரிய மொழியில் 'புல்' என்றால் தீ, 'கோகி' என்றால் இறைச்சி. இரண்டும் சேர்ந்தால் புல்கோகி. மெல்லிசாக அரிந்த மாட்டிறைச்சியைச் சோயா, சர்க்கரை, பூண்டு, எள்ளெண்ணெய் கலவையில் ஊறவைத்துச் சுடுவது. 'கல்பி' என்றால் விலாக்கறி. 'சம்க்யொப்சல்' என்பது பன்றியின் வயிற்றுப் பகுதி. சம் என்றால் மூன்று, க்யொப் அடுக்கு, சல் சதை. சதையும் கொழுப்பும் மாறி மாறி அடுக்காக இருப்பதால் அந்தப் பெயர். இதற்கு மசாலாவே கிடையாது.

மசாலா இல்லாத கறியா என்று முகம் சுளிக்க வேண்டாம். நானும் முதலில் சுளித்தேன். இதற்குப் பின்னால் கொஞ்சம் வேதியியல் இருக்கிறது. குழம்பில் வேகும் கறி 100 டிகிரியைத் தாண்டாது, தண்ணீர் விடாது. தணல் மேல் இருக்கும் கறியின் மேற்பரப்பு காய்ந்ததும் சூடு சட்டென்று ஏறும். 140 டிகிரிக்கு மேல் போகும்போது புரதத்தில் உள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் உண்டாக்கும். 1912இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் மய்யார் பெயரால் இதை மய்யார் வினை என்பார்கள். தோசை முறுகலும், வறுத்த காப்பிக்கொட்டையின் மணமும் பெருமளவுக்கு இதே சங்கதிதான். மசாலா கொடுக்கும் வேலையில் பாதியை நெருப்பே செய்துவிடுகிறது.

இனி முறை. நண்பன் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே தருகிறேன்.

ஒன்று: ஊறவைக்காத கறியை முதலில் போட வேண்டும். ஊறியதில் சர்க்கரை இருக்கும், அது கருகி வலையில் ஒட்டும். அதை முதலில் போட்டால் பிறகு போடுவதெல்லாம் கரிச்சுவைதான். வலை கருகினால் கேட்காமலே மாற்றித் தருவார்கள், தராவிட்டால் கேளுங்கள்.

இரண்டு: போட்டதும் கிண்டக் கூடாது. நம் கை சும்மா இருக்காது, வதக்கியே பழகிய கை. ஒரு பக்கம் பொன்னிறமாகும் வரை விட்டு, பிறகு திருப்ப வேண்டும். இரண்டு பக்கமும் சிவந்ததும் கத்திரிக்கோலால் வாய்க்கு அடங்கும் துண்டுகளாக வெட்ட வேண்டும். சாப்பாட்டு மேசையில் கத்திரிக்கோல் என்பது பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் சூடான கறியை வலை மேலேயே வெட்ட அதைவிட நல்ல கருவி இல்லை. தட்டு வேண்டாம், பலகை வேண்டாம், கறி ஆறுவதும் இல்லை.

மூன்று: பச்சைக் கறியைத் தொட்ட இடுக்கியால் வெந்ததை எடுக்காதீர்கள். இரண்டு இடுக்கி கேட்டு வாங்குங்கள். பன்றிக்கறி உள்ளே சிவப்பு இல்லாமல் முழுக்க வேக வேண்டும். நாடாப்புழு பயம் நம் நாட்டில் கற்பனை இல்லை. துண்டாக இருக்கும் பன்றிக்கறியின் உள்ளே 63 டிகிரி வந்து, எடுத்த பிறகு 3 நிமிஷம் பொறுப்பது பாதுகாப்பு என்பது அமெரிக்க வேளாண் துறையின் அளவு. மெல்லிய துண்டுகள் நன்றாகச் சிவந்தாலே அதைத் தாண்டிவிடும்.

நான்கு: வெந்த துண்டை இலையில் மடிக்க வேண்டும். இந்த மடிப்புக்கு 'ஸ்ஸம்' என்று பெயர். உள்ளங்கையில் ஒரு லெட்யூஸ் இலை, அதன் மேல் இன்னோர் இலை. அந்த இரண்டாவது இலை துளசி, புதினாக் குடும்பத்தைச் சேர்ந்தது, பெரில்லா என்பார்கள், வாசம் தூக்கும். அதில் கறி, ஒரு சுட்ட பூண்டு, கொஞ்சம் புளித்த சோயாவும் மிளகாயும் சேர்ந்த விழுது, விரும்பினால் ஒரு கவளம் சோறு. வெற்றிலை மடிப்பதுபோல மடித்து ஒரே வாயில் போட வேண்டும். பாதி கடித்தால் எல்லாம் கையில் வழியும். கொழுப்புக்குக் கீரையின் குளிர்ச்சி, உப்புக்குச் சோறு, மந்தத்துக்கு மிளகாய். ஒரு வாயில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

சுற்றிலும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் கிம்ச்சி, முளைகட்டிய பயறு, முள்ளங்கி ஊறல், கீரை என்று 'பன்சன்' வரும். இவற்றுக்குத் தனிக் காசு கிடையாது, தீர்ந்தால் மறுபடி வைப்பார்கள். நம் ஊர் இலைச் சாப்பாட்டில் கூட்டு பொரியல் கேட்டு வாங்குவது மாதிரி. கிம்ச்சியின் காரத்தைப் பார்த்து இவர்கள் ஆதியிலிருந்தே மிளகாய்க்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

கரியும் புகையும்

கரி என்பது காற்றைக் குறைத்து எரித்த மரம். மூட்டம் போடும்போதே மரத்திலுள்ள ஈரமும் புகையாகப் போகக்கூடிய பொருள்களும் வெளியேறிவிடுகின்றன, மிஞ்சுவது பெரும்பாலும் கார்பன். அதனால் அடுப்புக்கரி எரியும்போது புகை குறைவு, சூடு அதிகம். அந்தச் சூட்டில் பெரும்பங்கு அகச்சிவப்புக் கதிராக நேரே கறியைத் தாக்குகிறது. கடையில் நாம் பார்க்கும் புகை கரியின் புகை இல்லை. கொழுப்பு சொட்டித் தணலில் விழுந்து எழும் புகை. அதை மேசைக்கு மேலே தும்பிக்கை மாதிரி தொங்கும் உறிஞ்சுகுழாய் இழுத்துக்கொள்ளும். சில கடைகளில் புகையை மேசைக்குள்ளேயே கீழ்நோக்கி இழுக்கும் அமைப்பு உண்டு. எனக்கு இதுதான் இந்தச் சாப்பாட்டின் உண்மையான தொழில்நுட்பம் என்று படுகிறது. காற்று இழுவை சரியில்லாத கடையில் கறி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பத்து நிமிஷத்தில் கண் எரிந்து எழுந்துவிடுவோம்.

கரி நம் சீமைச் சரக்கும்கூட. ராமநாதபுரம், சிவகங்கை பக்கமும் எங்கள் மாவட்டத்தின் தெற்கிலும் சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்று நாம் திட்டும் அந்த மரம், அமெரிக்கர்கள் கறி சுடுவதற்குத் தேடி வாங்கும் மெஸ்கீட் மரத்துக்கு நெருங்கிய சொந்தம். தணல் வெகுநேரம் நிற்கும்.

இதைப் படித்துவிட்டு யாராவது வீட்டில் செய்து பார்க்கலாம். அவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மூடிய அறைக்குள், அதுவும் ஏசி போட்ட அறைக்குள், கரி அடுப்பு வைக்கவே வைக்காதீர்கள். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தூக்கம், பிறகு எழுந்திருக்க முடியாது. 2024இல் கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிய சுற்றுலாப் பயணிகள் இருவர் இறந்த செய்தி நினைவிருக்கும். கொரியர்களுக்கும் இது தெரிந்த வலிதான். வட்டமாக, ஓட்டை ஓட்டையாக இருக்கும் 'யொன்தான்' என்ற நிலக்கரிக் கட்டியால் வீட்டுத் தரையைச் சூடாக்கிய காலத்தில் வருஷா வருஷம் குளிர்காலத்தில் பலர் தூக்கத்திலேயே இறந்தார்கள். எனவே வீட்டில் செய்வதென்றால் மொட்டை மாடியில், திறந்த வெளியில். அறைக்குள்தான் வேண்டுமென்றால் ஜன்னலைத் திறந்துவைத்து, கேஸ் அடுப்பில் தோசைக்கல். தோசைக்கல்லிலும் அருமையாக வரும்.

சுட்டகறி நமக்குப் புதுசா?

இல்லை. பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படையில் கரிகாலன் தன்னிடம் வந்த பொருநனுக்கு, கம்பியில் கோத்துச் சுட்ட கறியை விருந்தாகத் தருகிறான். சூடு தாங்காமல் வாயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றித் தின்ற விவரம்கூட அதில் உண்டு. அன்று கடையில் என் நிலைமையும் அதேதான். பெரியபுராணத்தில் கண்ணப்பர் காளத்திநாதருக்குக் கொண்டுபோனது வேட்டையாடிய பன்றியின் கறி. தீயில் வாட்டி, வெந்ததா என்று தானே மென்று பார்த்து, இலைக் கல்லையில் வைத்து எடுத்துப்போனார். எங்கள் பக்கம் உப்புக்கண்டத்தைத் தணலில் வாட்டுவதும், பழைய சோற்றுக்குக் கருவாடு சுடுவதும் இன்றைக்கும் நடப்பவை.

ஆக சுடுவது புதிதில்லை. பன்றி புதிதில்லை, பேச வெட்கப்படுகிறோம் அவ்வளவுதான். இலையும் புதிதில்லை. புதிதாக இருப்பது ஒன்றுதான். எல்லோர் கையும் போகிற இடத்தில் ஒரே அடுப்பு.

நம் சாப்பாட்டில் அடுப்பு உள்ளே இருக்கும், சாப்பிடுகிறவர் வெளியே இருப்பார். நடுவில் பரிமாறுகிறவர். யார் அடுப்படி வரை வரலாம், யார் கூடம் வரை, யார் திண்ணை வரை என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதாத சட்டம். ஆளுக்கு ஓர் இலை. என் இலையிலிருந்து உங்கள் இலைக்கு எதுவும் போகக் கூடாது, போனால் எச்சில். சுத்தம் என்ற அளவில் இதில் நியாயம் உண்டு. ஆனால் எச்சில் என்ற சொல் நம்மிடம் சுத்தத்தோடு நிற்கவில்லை என்பது உங்களுக்கும் தெரியும். சேக்கிழார் மென்று பார்த்த கறியைச் சாமிக்கே வைத்துவிட்டார். நம் வீடுகள் அவரைக் கும்பிட்டதோடு சரி.

கொரிய மேசையில் ஆளாளுக்குத் தனிச் சட்டி கிடையாது. ஒருவர் போடுகிறார், இன்னொருவர் திருப்புகிறார், மூன்றாமவர் வெட்டி எல்லோர் பக்கமும் தள்ளுகிறார். மடித்த இலையைப் பக்கத்தில் இருப்பவர் வாயில் ஊட்டிவிடுவதும் உண்டு, அது பிரியத்தின் அடையாளம். இதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது: இவர்களுக்கு ஆதியிலிருந்தே இந்தப் பிரச்சினை இல்லைபோல.

தேடிப் பார்த்தபோது அது தப்பு என்று தெரிந்தது.

தராசு

கொரியா என்றதும் நம் ஆட்கள் அம்மா, அப்பா என்ற சொற்களில் தொடங்கி, கடல் கடந்து போன அரசி கதை வரைக்கும் போய்விடுவார்கள். அம்மா அப்பா மாதிரிக் குழந்தை வாய்ச் சொற்கள் உலகத்தில் பல மொழிகளில் ஒன்றுபோல இருப்பவை, அதை வைத்து உறவு சொல்ல முடியாது. எனக்குக் கிடைத்த ஒற்றுமை வேறு. பெருமைப்பட முடியாத ஒற்றுமை.

பழைய ஜோசன் அரசு 1392 முதல் 500 வருஷத்துக்கு மேல் இருந்தது. அந்தக் காலத்தில் யாங்பான் என்ற மேல்தட்டு ஆண்கள் ஒரே மேசையில் சேர்ந்து சாப்பிடுவது வழக்கமில்லை. ஆளுக்கு ஒரு குட்டி மேசை, தனித்தனிச் சாப்பாடு. கணப்பைச் சுற்றி உட்கார்ந்து மாட்டிறைச்சி சுட்டுத் தின்னும் குளிர்காலப் பழக்கம் ஒன்று இருந்தது, 1849இல் எழுதப்பட்ட பருவகால வழக்கங்கள் பற்றிய ஒரு நூல் அதைச் சொல்கிறது. ஆனால் அது வசதி படைத்தவர்களின் விருந்து. உழவுமாடு வேண்டும் என்பதால் மாடு அறுக்கவே அரசு திரும்பத் திரும்பத் தடை போட்ட நாடு அது.

சரி, அந்தக் கறியை அறுத்துக் கொடுத்தது யார்? பெக்ஜொங் என்ற மக்கள். கறி அறுப்பது, தோல் வேலை, கூடை முடைவது அவர்கள் தொழில். ஊருக்கு வெளியே தனிக் குடியிருப்பு. ஓட்டு வீடு கட்டக் கூடாது, பட்டு உடுத்தக் கூடாது, மற்ற ஆண்கள் அணியும் தொப்பி அணியக் கூடாது. சாதாரணக் குடியானவன் வீட்டுச் சின்னப் பையனிடமும் மரியாதையாகப் பேச வேண்டும், அவன் பதிலுக்கு ஒருமையில் பேசுவான். படிக்கும்போது நம் ஊரைப் பற்றித்தான் படிக்கிறேனோ என்று சந்தேகம் வந்தது.

1894இல் சட்டப்படி இந்தப் பிரிவினை ஒழிக்கப்பட்டது. சட்டப்படிதான். 1909இல் தெற்கே ஜின்ஜு ஊரில் தேவாலயத்தில் பெக்ஜொங் மக்களைச் சேர்ந்து வழிபட விட்டபோது, மற்றவர்கள் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். ஜப்பானிய ஆட்சியில் குடிப்பதிவேட்டில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வைத்து அடையாளம் காட்டினார்கள். கையில் பணம் சேர்ந்த ஒரு கறிக்கடைக்காரர் தன் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனார், சேர்க்க மறுத்தார்கள். 1923 ஏப்ரலில் அதே ஜின்ஜுவில் ஓர் இயக்கம் தொடங்கியது. பெயர் ஹ்யொங்ப்யொங்சா. ஹ்யொங் என்றால் தராசுக்கோல், ப்யொங் என்றால் சமம். கறிக்கடைக்காரனின் தராசு! அந்தத் தராசின் கோல் சமமாக நிற்பதுபோல ஒரு சமூகம் வேண்டும் என்பதுதான் பொருள். மேல்தட்டில் பிறந்த காங் சாங்-ஹோவும், பெக்ஜொங் குடும்பத்தில் பிறந்து ஜப்பானில் படித்த ஜாங் ஜி-பில்லும் சேர்ந்து நடத்தினார்கள். எதிர்ப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை, அடிதடி நடந்தது, இவர்கள் கடையில் கறி வாங்காதே என்று பிரசாரம் நடந்தது.

அந்த இயக்கம் 1930களில் தேய்ந்துவிட்டது. பிறகு விடுதலை, நிலச் சீர்திருத்தம், 1950-53 போர், லட்சக்கணக்கானவர்கள் இடம்பெயர்ந்து நகரத்தில் முகம் தெரியாமல் கலந்தது. எல்லாம் சேர்ந்து யார் எந்தக் குடி என்று கேட்க முடியாமல் செய்துவிட்டது. 1970, 80களில் பன்றிப் பண்ணைகள் பெருகி, கையில் கொஞ்சம் காசும் புழங்கிய பிறகுதான் சம்க்யொப்சல் எல்லோருக்குமான சாப்பாடானது. இன்றைக்குக் காங் ஹோ-தோங் என்ற பழைய மல்யுத்த வீரர், தொலைக்காட்சி நட்சத்திரம், அவர் பெயரோடு 'பெக்ஜொங்' என்ற சொல்லையே பலகையில் போட்ட கறிக்கடைகள் இருக்கின்றன. அமெரிக்காவில்கூடக் கிளை உண்டு, வரிசையில் நின்று சாப்பிடுகிறார்கள்.

கொரியா சமத்துவ சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. கம்பெனி விருந்தில் இன்றும் இளையவன்தான் இடுக்கி பிடிக்க வேண்டும், பெரியவருக்கு இரண்டு கையாலும் ஊற்ற வேண்டும். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. அந்த மேசை பழம்பண்பாடு இல்லை. ஒரு நூறு வருஷத்துக்குள் செய்யப்பட்டது. செய்ய முடிந்திருக்கிறது.

நம் பந்தி

அதே காலத்தில் நாமும் சும்மா இல்லை. 1924-25இல் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப் பந்தி என்று தெரிந்ததும் தமிழ்நாடே கொதித்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதைப் பெரிய பிரச்சினையாக்கினார்கள். சாப்பாட்டுப் பந்தி தமிழக அரசியலையே திருப்பியது. இன்று ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் கோயில்களில் சமபந்தி விருந்து நடக்கிறது, அதிகாரிகள் உட்கார்ந்து சாப்பிடும் படம் பேப்பரில் வருகிறது.

2022 டிசம்பரில் எங்கள் மாவட்டத்து வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது தெரியவந்தது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியரும் எஸ்.பி.யும் அந்தப் பகுதி டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதைக் கண்டார்கள், வழக்குப் போடப்பட்டது. சேரன்மாதேவிக்குப் பிறகு கிட்டத்தட்ட நூறு வருஷம். குவளை அப்படியே இருக்கிறது.

அந்தச் செய்தி வந்தபோது நானும் எல்லோரையும்போலக் கோபப்பட்டு எழுதினேன். எழுதாதது ஒன்று உண்டு. எங்கள் வீட்டுத் திண்ணை மாடத்தில் ஒரு சில்வர் டம்ளர் இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து என்னோடு வரும் நண்பனுக்கு அம்மா அதில்தான் தண்ணீர் கொடுப்பார், அவனே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவான். ஒரே பெஞ்ச், ஒரே ஜாமெட்ரி பாக்ஸ், ஆனால் டம்ளர் வேறு. எனக்குத் தெரியாமல் இல்லை. கேட்கவில்லை.

அன்றைக்கு ஸ்ரீபெரும்புதூரில் அவன்தான் இடுக்கி பிடித்தான். கறியைப் போட்டான், திருப்பினான், வெட்டினான். எனக்கு இலை மடிக்க வரவில்லை, மூன்று தடவை கிழிந்தது. அவனே ஒன்று மடித்து, "வாயத் தொறடா" என்று ஊட்டினான். வாய் நிறைய இருந்ததால் எதுவும் சொல்லவில்லை. வாய் காலியான பிறகும் சொல்லவில்லை. அவன்தான் கரியைக் கிளறிக்கொண்டே கேட்டான். "அந்த டம்ளர் இன்னும் கெடக்கா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

"தெரியலடா" என்றேன். தெரியும். மாடத்தில்தான் இருக்கிறது.

வருகிற மாதம் ஊரில் திருவிழா, அவனும் வருகிறான். வீட்டு மொட்டை மாடியில் அடுப்புப் போட்டுக் கறி சுடலாம் என்று இருக்கிறேன். கரிக்குச் சொல்லியாயிற்று. இலைக்கு லெட்யூஸ் தேட வேண்டியதில்லை, வெற்றிலையும் முருங்கைக்காய்ச் சாம்பாரும் இல்லாத வீடா, ஏதோ ஒரு கீரை இலை கிடைக்கும். அம்மாவிடமும் சொன்னேன், அவனும் வருவான் என்று.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாடியிலதானே?" என்றார்.

எங்கள் வீட்டில் மாடிப்படி அடுப்படியைத் தாண்டி, வீட்டுக்குள்ளே இருக்கிறது.